இல்லத்துக் கைவினையும் பொருள் வரைதலும்

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இவ்வுரைக்கெனத் தரப்பட்ட பொருள், இல்லத்தில் அன்றாடம் செய்யத்தக்க கைவினையும் இயற்கைக்கு ஊறு செய்யாத எளிய வாழ்வும் ஆகும். கைவினை என்ற சொல்லைக் கேட்டவுடன் இக்காலத்தில் பலருடைய நினைவிலும் எழுவது அலங்காரப் பொருளே. காலிக் கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்து, அதன்மேல் வண்ணம் தீட்டி, பசை தடவி, மினுமினுப்புத் தூள் ஒட்டி, கூடத்தில் வைக்கிறார்கள். குப்பையைக் கலையாக்கியதாகப் பாராட்டும் கிடைக்கிறது. சில மாதங்களில் தூசு படிந்து அதுவும் குப்பைக்கே போகிறது. வெறும் புட்டியாக இருந்திருந்தால் பழைய பொருள் வாங்குபவர் அதை எடுத்துச் சென்றிருப்பார்; அது உருக்கப்பட்டு மீண்டும் புட்டியாகியிருக்கும். வண்ணமும் பசையும் நெகிழித் தூளும் ஏறிய பின்னர் அதை எவரும் எடுப்பதில்லை. ஒரு பொருளைக் காப்பாற்றுவதாகத் தொடங்கிய செயல், அதன் மறுபிறவிக்கான வாயிலையே அடைத்துவிடுகிறது.

இதற்கு மாறான கைவினை ஒன்று உண்டு. அதற்குப் பரிசு வழங்குவார் இல்லை. பெரும்பாலும் பெயரும் இல்லை. அறுந்த பித்தானைத் தைப்பது, நைந்த வேட்டியை வடிகட்டும் துணியாக்குவது, இடுக்கு விழுந்த முறத்தைப் பூசுவது, காய்கறித் தோலை எருவாக்குவது ஆகியவை அவ்வகையின. இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரே வினா போதும்: இச்செயலால் இல்லத்திற்குள் வரும் பொருள் குறைந்ததா, கூடியதா? குறைந்ததென்றால் அது எளிய வாழ்வுக்குரிய கைவினை. கூடியதென்றால், எத்துணை அழகியதாயினும், அது மற்றொரு நுகர்வே.

இவ்வினா சமண இல்லறத்தார்க்குப் புதியதன்று. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை விழையாமை, பொருள் வரைதல் என்பன சாவகர்க்கு உரிய ஐந்து அணுவிரதங்கள். வரைதல் என்பது எல்லை வகுத்தல். துறவியர்க்குப் பற்றினை முற்றும் விடுதல் விதிக்கப்பட்டிருக்க, இல்லறத்தார்க்கோ 'இவ்வளவு போதும்' என்று தாமே ஓர் அளவு குறித்துக்கொள்ளுதல் விதிக்கப்பட்டது. அதனோடு அனர்த்த தண்ட விரதம் என்னும் குணவிரதமும் சேர்கிறது. பயன் ஏதுமின்றி நிலத்தை அகழ்தல், நீரைக் கொட்டுதல், தீ மூட்டுதல், செடிகொடிகளை முறித்தல் போன்ற செயல்களை நீக்குவது அதன் கருத்து. மண்ணையும் நீரையும் தீயையும் காற்றையும் தாவரத்தையும் உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டென்று கொள்ளும் நெறியில், ஒரு குவளை நீரை வீணே ஊற்றுவதும் கணக்கில் வருகிறது. இல்லறத்தில் இருப்பவரால் எல்லா ஊறுகளையும் தவிர்த்தல் இயலாது. தேவையற்ற ஊற்றினைத் தவிர்த்தல் இயலும். எளிய வாழ்வின் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது.

இனி, இக்கருத்து அன்றாட இல்லத்தில் எவ்வாறு செயலாகிறது என்பதைக் காண்போர்க்கு, முதலில் துணியே சான்றாக நிற்கும்.

ஒரு பருத்திச் சட்டைக்கு வேண்டிய பஞ்சை விளைவிப்பது முதல் துணியாக்குவது வரை ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாவதாக ஒரு கணக்கு உண்டு. அந்நீரை ஏற்கெனவே குடித்துவிட்ட துணி, நூல் நூலாகப் பிரியும் வரை பயன்படுவதே முறை. முன்னைய இல்லங்களில் ஒரு வேட்டியின் வாழ்வு படிப்படியாக இறங்கிச் சென்றது. வெளியில் உடுத்தியது வீட்டில் உடுத்துவதாயிற்று, பின்பு துண்டாயிற்று, குழந்தைக்குத் தூளியோ விரிப்போ ஆயிற்று, அதன்பின் அடுப்படியில் சூடான பாத்திரத்தை இறக்கும் கரித்துணியாயிற்று, எஞ்சிய நூல் விளக்குத் திரியாயிற்று. ஒவ்வொரு படியிலும் அதனைப் புதிதாக வாங்கும் தேவை ஒழிந்தது.

அப்படிகளுள் ஒன்று சமணக் குடும்பங்களுக்கே உரிய சிறப்புடையது. அதுவே நீரை வடிகட்டும் துணி. குடிநீரையும் சமையல் நீரையும் மடித்த துணியால் வடிகட்டி, துணியில் தங்கிய சிற்றுயிர்களை அதே நீர்நிலையில் மெல்லச் சேர்த்துவிடுதல் தலைமுறை தலைமுறையாக வரும் ஒழுக்கம். பிற உயிரைக் காக்க எழுந்த இவ்வொழுக்கம் மனிதரையும் காக்கிறது என்பதற்கு அண்மைக் காலத்துச் சான்று ஒன்று உண்டு. அமெரிக்க நுண்ணுயிரியல் அறிஞர் ரீட்டா கோல்வெல் தலைமையிலான குழுவினர் வங்காளதேசத்தின் மத்லப் பகுதிச் சிற்றூர்களில் ஓர் ஆய்வு நடத்தினர். பழைய புடவைத் துணியைப் பல மடிப்பாக மடித்து நீரை வடிகட்டிய குடும்பங்களில் வாந்திபேதி ஏறத்தாழ 48 விழுக்காடு குறைந்ததாக 2003-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர். வாந்திபேதிக் கிருமிகள் நீரில் மிதக்கும் நுண்ணிய உயிர்களின் மேல் ஒட்டி வாழ்கின்றன. கிருமி துணியின் கண்ணுக்குள் நுழையும் அளவு சிறியதாயினும், அது ஒட்டியிருக்கும் சிற்றுயிர் நுழைய முடிவதில்லை.

இவ்வாய்வில் இல்லத்தார் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. புதுத் துணியைவிடப் பலமுறை துவைத்த பழந்துணியே நன்கு வடிகட்டியது. துவைக்கத் துவைக்க நூலிலிருந்து மெல்லிய இழைகள் கிளம்பி, நெசவின் கண்களை நெருக்கிச் சிறிதாக்கிவிடுகின்றன. தேய்ந்ததாகக் கருதி எறியப்படும் நிலையில்தான் அத்துணி அப்பணிக்குத் தகுதி பெறுகிறது! நான்கு மடிப்பாக மடித்து ஓரம் தைத்த பழந்துணி, பயன்படுத்தியபின் அலசி வெயிலில் உலர்த்தப்படுமானால், நெடுநாள் உழைக்கும். வடிகட்டுதல் எல்லாக் கிருமிகளையும் நீக்கிவிடுவதில்லை என்பதால், வடிகட்டிய நீரைக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கமும் அதனோடு சேர்ந்தே நிற்கவேண்டும்.

துணிக்கு அடுத்தது பை. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்கு 2019 சனவரி 1 முதல் தடை விதிக்கப்பட்டது. 2021 டிசம்பர் 23-ஆம் நாள் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயின் திருமணத்திற்கு ஒன்று, புதுமனை புகுவிழாவிற்கு ஒன்று, கடைதோறும் ஒன்று எனப் புதிய துணிப்பைகள் வீட்டின் மூலையில் குவிவதையும் காணமுடிகிறது. டென்மார்க் நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை இங்கே எண்ணத்தக்கது. அந்நாட்டுக் கடைகளில் வழங்கும் நெகிழிப்பையோடு ஒப்பிடும்போது, புதிய பருத்திப்பை ஒன்று தட்பவெப்பப் பாதிப்பை மட்டும் கருதினால் குறைந்தது 52 முறையும், எல்லா வகைச் சூழல் பாதிப்புகளையும் சேர்த்துக் கருதினால் 7,100 முறையும் பயன்படுத்தப்பட வேண்டும் என்று அது கணக்கிட்டது. தெருவில் எறியப்படும் பையால் கால்நடைக்கும் நீர்வழிக்கும் நேரும் கேடு அக்கணக்கில் சேரவில்லை; ஆகவே நெகிழிப்பையே மேல் என்று அதற்குப் பொருள் கொள்ளலாகாது. அலமாரியில் உறங்கும் பத்துப் புதுப் பைகள் எவ்வுயிரையும் காப்பதில்லை என்பதே அதன் பாடம்.

ஆகவே பையும் பழந்துணியிலிருந்தே பிறப்பது நன்று. இடுப்பளவு பொருந்தாத காற்சட்டை, ஓரம் கிழிந்த படுக்கை விரிப்பு, திரைச்சீலை ஆகியவை உறுதியான பைகளாகும். அடிப்பகுதிக்கு இரட்டைத் தையல் இடவேண்டும். கைப்பிடியை விளிம்போடு மட்டும் ஒட்டித் தைத்தால் எடை தாங்காது பிய்ந்துவிடும். நான்கு விரல் அளவு உள்ளே இறக்கிச் சதுரமாகத் தைத்து, குறுக்கே இரு கோடுகளும் இட்டால் ஐந்து கிலோ அரிசியையும் தாங்கும். மெல்லிய பழம்புடவையிலிருந்து நாடாவிட்ட சுருக்குப்பைகள் தைத்துக்கொண்டால், பருப்புக்கும் காய்க்கும் தனித்தனியே பை கேட்கும் வழக்கம் நின்றுவிடும். ஓர் இல்லத்திற்கு ஐந்தாறு பைகள் போதும். அவற்றை வாயிற்கதவின் அருகே மாட்டி வைப்பதும் இக்கைவினையின் ஒரு பகுதியே. வெளியே செல்லும்போது கையில் எடுக்கப்படாத பை, தைக்கப்படாத பைக்குச் சமம்.

மூன்றாவது, அடுப்படி. மூங்கில் முறத்தின் பின்னல் இடுக்குகளில் தானியம் ஒழுகத் தொடங்கினால், ஊறவைத்த பழந்தாளையும் வெந்தயத்தையும் சேர்த்து அரைத்து, அவ்விழுதை முறத்தின்மேல் பூசி வெயிலில் உலர்த்துவார்கள். வெந்தயத்தின் வழவழப்பு தாளைப் பிடித்து இறுக்கும். அதே விழுதைக் கவிழ்த்த குடத்தின்மேல் அப்பிக் காயவைத்து எடுத்தால் உலர்ந்த பொருள் வைக்கும் கூடையாகும். ஒட்டுவதற்குக் கடைப் பசை வேண்டுவதில்லை. விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சப்படும் பசைகளும் சந்தையில் இருத்தலின், கொல்லாமை பேணும் இல்லங்கள் அரிசிக் கஞ்சியையோ புளியங்கொட்டைப் பசையையோ வைத்துக்கொள்வது அறத்திற்கும் பொருந்தும், செலவும் இல்லை. பீர்க்கங்காய் ஒன்றைக் கொடியிலேயே முற்றவிட்டு, உலர்ந்தபின் தோலும் விதையும் நீக்கினால் எஞ்சும் நார் பாத்திரம் துலக்கும். அது தேய்ந்தபின் மண்ணுக்கே எருவாகும். நெகிழித் தேய்ப்பானைப் போல நுண்துகளாய் உதிர்ந்து நீரில் கலந்து நிலைத்திருப்பதில்லை.

நெகிழி உயிரை எவ்வாறு வருத்துகிறது என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டுவதில்லை. 2019 அக்டோபரில் சென்னையில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவர்கள் பசு ஒன்றின் வயிற்றிலிருந்து 52 கிலோ நெகிழிக் கழிவை அறுவை செய்து எடுத்தனர். பசு நெகிழியை விரும்பி உண்பதில்லை. காய்கறித் தோலையும் மிஞ்சிய சோற்றையும் பையில் இட்டுக் கட்டி எறிகிறார்கள். பசுவுக்கு முடிச்சை அவிழ்க்கக் கைகள் இல்லை. உணவின் மணத்தால் ஈர்க்கப்பட்டுப் பையோடு விழுங்குகிறது. அப்பை செரிப்பதும் இல்லை, வெளியேறுவதும் இல்லை. முதல் இரைப்பையில் ஆண்டுக்கணக்கில் திரண்டு, தீவனத்திற்கு இடமில்லாது செய்துவிடுகிறது. உணவில் ஊன் கலவாது காக்கும் ஒரு குடும்பம், தன் வீட்டுக் குப்பைப்பையின் முடிச்சையும் அதே கவனத்தோடு நோக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு மாற்று எளிது. பக்கங்களிலும் அடியிலும் துளையிட்ட மண்தொட்டிகள் இரண்டு, உலர்ந்த இலைச் சருகு ஒரு சாக்கு ஆகியவை போதும். அன்றைய காய்கறித் தோலைத் தொட்டியில் இட்டு, அதைப்போல் இருமடங்கு சருகால் மூடவேண்டும். வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். ஒரு தொட்டி நிறைந்தபின் அதை விட்டு மற்றொன்றைத் தொடங்கினால், இரண்டு மூன்று மாதங்களில் முதல் தொட்டி மண்மணம் வீசும் கரிய எருவாகும். புழு நெளியுமே, அவ்வுயிர்களுக்கு ஊறாகுமே என்னும் தயக்கம் சமண இல்லங்களில் எழுவது இயல்பு. ஈரம் மிகுந்து, மூடாமல் விடும்போதுதான் ஈக்கள் முட்டையிட்டுப் புழு பெருகுகிறது. சருகைத் தாராளமாக இட்டு மூடி வைத்தால் அந்நிலை பெரிதும் தவிர்கிறது. அத்தோல்கள் பையில் கட்டப்பட்டுக் குப்பை மேட்டிற்குச் சென்றால் அங்கே அழுகிப் பெருகும் உயிர்களும், அவ்விடத்தில் மூட்டப்படும் தீயில் மடியும் உயிர்களும் அளவிறந்தவை என்பதையும் எண்ணிப்பார்த்தல் தகும்.

பொருளைப் பேணுவதே ஒரு கைவினை என்பதற்குச் சமணக் குடும்பங்களின் வரலாற்றிலேயே உயர்ந்த சான்று இருக்கிறது. அதுதான் ஏட்டுச்சுவடி. பனையோலை தானாக நிலைக்கும் பொருளன்று. பூச்சி அரிக்கும், ஈரம் பட்டால் பூக்கும், வறண்டால் ஒடியும். குறித்த காலத்தில் பிரித்துத் தூசு தட்டி, எண்ணெய் தடவி, எழுத்துத் தெளிய மை பூசி, துணியில் சுற்றிக் காற்றோட்டமான இடத்தில் வைத்தால்தான் தலைமுறைகளைக் கடக்கும். நைந்தபோது யாரேனும் எழுத்தாணி பிடித்துப் புதிய ஓலையில் படியெடுக்க வேண்டும். அவ்வாறு படியெடுத்துத் தருவதையும் சாத்திர தானம் என்று அறமாகவே போற்றினர். உ.வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தபோது, அந்நூலின் சமயக் கருத்துகளை விளக்கிக் கைகொடுத்தவர்கள் கும்பகோணத்துச் சமண அன்பர்கள். அவர்கள் இல்லங்களில் அந்நூல் பேணப்பட்டும் பயிலப்பட்டும் வந்தது. 1887-இல் அக்காப்பியம் அச்சேறியது. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றைத் தமிழ் முழுமையாகக் கண்டதற்குப் பின்னே, ஏட்டைத் தூசு தட்டி எண்ணெயிட்ட பெயர் அறியாக் கைகள் இருக்கின்றன. அவை புதிதாக ஒன்றும் செய்யவில்லை. இருந்ததைக் கெடாது காத்தன.

இவ்விடத்தில் ஒரு கடினமான வினாவைத் தவிர்த்துச் செல்லுதல் கூடாது. மேற்கூறியவற்றையெல்லாம் இல்லத்தில் செய்பவர் யார்? பழைய வாழ்வின் எளிமையைப் புகழும் உரைகள் பலவும், அவ்வெளிமை பெண்களின் ஓயாத உழைப்பின்மேல் நின்றது என்பதைச் சொல்வதில்லை. பொழுது புலருமுன் எழுந்து, அலுவலுக்கும் சென்று, மாலை திரும்பி, கதிரவன் மறையுமுன் உணவும் முடிக்கவேண்டிய தாய்மார்களின் தலையில் பை தைப்பதும் எரு கிளறுவதும் கூடுதலாக ஏற்றப்படுமானால், அது அகிம்சை ஆகாது. ஓர் உயிரின் உடலையும் காலத்தையும் வருத்திப் பிற உயிர்களைக் காப்பதாகச் சொல்லுதல் பொருந்தாக் கணக்கு.

ஆகவே இக்கைவினை குடும்பத்தார் அனைவருக்கும் பங்கிடப்பட்டாலன்றி நிலைக்காது. எருத்தொட்டி வீட்டுத் தலைவரின் பொறுப்பாகலாம். தன் சட்டையின் பித்தானைத் தானே தைத்துக்கொள்ளப் பத்து வயதுச் சிறுவனும் சிறுமியும் ஒருசேரக் கற்கலாம். கடைப்பையை மறவாது எடுத்துச் செல்லுதல் இளைஞர் கடமையாகலாம். பித்தான் தைக்கக் கற்ற சிறுவன் சட்டையைக் கழற்றி எறிவதில் ஒரு தயக்கம் கொள்கிறான். ஒரு தையலுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை அவன் விரல் அறிந்துவிட்டது. பொருளின் மதிப்பை அறிவுரையைக் காட்டிலும் கை விரைவில் கற்பிக்கிறது.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிட வேண்டும் என்பதும் கட்டாயமன்று. முறத்தை மூங்கில் வேலை செய்வாரிடமும், தொட்டியைக் குயவரிடமும், பாயைக் கோரை நெய்வாரிடமும் உரிய விலை கொடுத்து வாங்குதல் அவர்தம் தொழிலையும் வாழவைக்கும். ஆண்டுதோறும் உடையும் நெகிழி முறத்திற்கு ஐந்து முறை செலுத்தும் விலையை, ஒரு மூங்கில் முறத்திற்கும் அதை மெழுகும் வெந்தயத்திற்கும் செலுத்துவதில் நட்டம் ஏதுமில்லை.

விழாக் காலங்களில் இவ்வொழுக்கம் இல்லத்தைக் கடந்து ஊருக்கும் உரியதாகிறது. பூசையும் சிறப்பும் முடிந்து இருநூறு பேர் உணவருந்தியபின், கோயிலின் பின்புறத்தில் எஞ்சுவது என்ன என்பதைக் கொண்டும் ஒரு விழாவின் தூய்மையை அளவிடலாம். உதிர்ந்த பாக்கு மட்டையாலான தட்டும், காய்ந்த மந்தாரை இலைகளை ஈர்க்கால் இணைத்த தையல் இலையும் மரத்தை வருத்தாமல் கிடைப்பவை. மெழுகுப் பூச்சு என்ற பெயரில் நெகிழி ஒட்டிய தாள் தட்டு அவ்வகையில் சேராது. அதனினும் நன்று, ஊருக்குப் பொதுவாக இருநூறு எவர்சில்வர் தட்டுகளும் குவளைகளும் வாங்கிக் கோயிலில் வைத்து, விழாவிற்கும் வீட்டுச் சிறப்புக்கும் கொடுத்து வாங்குவது. ஒவ்வொரு வீடும் தனித்தனியே சேர்த்துவைக்கும் தேவை அதனால் ஒழியும். பொருள் வரைதல் ஒருவர் நோன்பாக மட்டுமன்றி ஓர் ஊரின் நோன்பாகவும் ஆகக்கூடும்.

இறுதியாக, வரைதல் என்ற சொல்லுக்குரிய செயல் ஒன்று எஞ்சி நிற்கிறது. எல்லை வகுக்க விரும்புவோர் முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு விடுமுறை நாளில் குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து, அலமாரியைத் திறந்து, உடைகளையும் பைகளையும் பாத்திரங்களையும் எண்ணி ஒரு தாளில் எழுதலாம். தைத்தால் பயன்படுவது எது, பிறர்க்கு ஈயத்தக்கது எது, வடிகட்டும் துணியாகவும் பையாகவும் மாறத்தக்கது எது எனப் பிரிக்கலாம். பின்னர் ஒவ்வொன்றிற்கும் போதுமான எண் எது என்பதை அவரவரே குறித்து, அத்தாளை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டலாம். அரிசிக் கஞ்சியே அதற்குப் பசையாகட்டும். அடுத்த ஆண்டு விழா வருமுன் அவ்வெண் கூடாதிருக்குமானால், அவ்வில்லத்தில் ஓர் அணுவிரதம் ஓசையின்றி நிறைவேறியிருக்கும்.

அறம் வளர்க. உயிர்கள் அனைத்தும் இன்புறுக.